அத்தையின் ஊக்கு

கோயிலுக்குக் கிளம்பும்போது அத்தை கடைசியாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. செருப்பு மாட்டியாகிவிட்டது, பூக்கூடை கைக்கு வந்துவிட்டது, சாவி இடுப்பில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் ஒரு நிமிடம் நின்று, தாலிச் சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்து ஓர் ஊக்கால் குத்திக்கொள்வார். புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொள்வார். வயது எழுபத்தெட்டு. எங்கள் வீட்டிலிருந்து கபாலீசுவரர் கோயிலுக்கு நடந்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இந்த ஊக்கு.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து கல்லூரித் தோழி பேசினாள். மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு பார்க்க வேண்டும். "மயிலாப்பூரா, தி.நகரா, அடையாறா? எது சேஃப்டின்னு சொல்லு. நெட்ல க்ரைம் ரேட்டுன்னு என்னென்னவோ போட்டிருக்காங்க, ஒண்ணும் புரியலை" என்றாள். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். முப்பது வருடமாக இங்கேயே இருக்கிறவள், இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை.

அவள் பார்த்த எண்களை நானும் பார்த்தேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. பத்திரிகையில் வரும் 'குற்றங்களில் எந்த நகரம் முதலிடம்' செய்திகளெல்லாம் அதிலிருந்து வருபவைதான். அதில் மயிலாப்பூருக்கென்றோ அடையாறுக்கென்றோ தனி வரி கிடையாது, சென்னைக்கு மொத்தமாக ஒரே வரி. பதிவான வழக்குகளை மக்கள்தொகையால் வகுத்து, லட்சம் பேருக்கு இத்தனை என்று போடுகிறார்கள். வகுக்கிற மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் வந்தது, சுமார் 87 லட்சம். அதற்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலையில் எத்தனை அடுக்குமாடிகள் எழும்பின, எத்தனை பேர் குடிவந்தார்கள் என்பதெல்லாம் அந்த வகுத்தலுக்குத் தெரியாது.

2020-ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்த்தால் சென்னையில் குற்றம் தலைகால் தெரியாமல் ஏறியிருக்கும். என்ன ஆயிற்று அந்த வருடம்? ஊரடங்கு. உத்தரவை மீறி வெளியே வந்தவர்கள்மேல் இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ஆவது பிரிவில் போட்ட வழக்குகள் அந்த ஏற்றத்தில் பெரும் பங்கு. காய்கறி வாங்கக் கிளம்பி மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்து வீடு திரும்பியவரும் அந்தக் கணக்கில் ஒரு குற்றம்தான். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரமும் ஆவடியும் தனித்தனி காவல் ஆணையரகங்கள் ஆயின. ஆகவே சென்னைப் போலீஸ் தரும் எண்களை அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதும் கஷ்டம், எல்லையே மாறிவிட்டது.

தி.நகரை எடுத்துக்கொண்டால் இன்னும் சிக்கல். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நின்றிருக்கிறீர்களா? நாம் நடக்கத் தேவையில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போய் உஸ்மான் சாலையில் விட்டுவிடும். அங்கே நிற்பவர்களில் தி.நகர்வாசி எத்தனை பேர்? செங்கல்பட்டு, அரக்கோணம், காஞ்சிபுரம் என்று மின்சார ரயிலில் வந்து இறங்கிய குடும்பங்கள்தான் அதிகம். அங்கே பர்ஸைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அது தெரிய வருவது பெரும்பாலும் ரயில் ஏறிய பிறகு. குழந்தை மடியில் தூங்குகிறது, கையில் ஐந்து பை. திரும்பிப் போய் மாம்பலம் காவல் நிலையத்தையோ சௌந்தரபாண்டியனார் அங்காடி காவல் நிலையத்தையோ தேடிப் பிடித்துப் புகார் எழுதித் தர எத்தனை பேருக்கு முடியும்? (பாண்டி பஜாரின் முழுப்பெயர் அது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் நினைவாக வைத்தது. ஊர் மறந்தாலும் ஆர்-4 காவல் நிலையத்தின் பெயர்ப்பலகை மறக்கவில்லை.) அந்தப் பர்ஸ் எந்த எண்ணிலும் ஏறாது.

எண்ணில் ஏறாத ஒன்றை நானே கண்ணால் பார்த்தேன். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2009. மார்கழி. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அத்தை கோலப்பொடி டப்பாவோடு வாசலில் குனிந்திருக்கிறார். இரண்டு பேர் பைக்கில் வந்து வழி கேட்டிருக்கிறார்கள். நிமிர்ந்து கையைக் காட்டி வழி சொல்லி முடிப்பதற்குள் பின்னால் இருந்தவன் சங்கிலியில் கை போட்டான். ஏழு பவுன். அறுந்து வந்த பாதி அவன் கையில், மீதி அத்தையின் கையில். கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு இரண்டு வாரம் இருந்தது. கீழே விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. மாக்கோலத்தின்மேல் டயர் தடம். நான் கதவைத் திறந்து ஓடி வந்தபோது அத்தை அழவில்லை, "வழி கேட்டான்டி, சொல்லிண்டிருந்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காவல் நிலையத்துக்குப் போனோம். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. அன்று எந்த நிலையத்துக்குப் போயிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்று பின்னால் பத்துப் பேர் சொல்லக் கேட்டேன். ரைட்டர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். கையைப் பார்த்து, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா என்றார். புகாரையும் வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் படித்துப் பார்த்தேன். கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது சங்கிலி அறுந்து 'தொலைந்துபோனதாக' எழுதியிருந்தது.

"சார், தொலையலை. பறிச்சுட்டுப் போனாங்க" என்றேன்.

"தெரியும்மா. இப்படி எழுதினா உங்களுக்கு அலைச்சல் இல்லை. கோர்ட்டு, சாட்சின்னு பெரியம்மாவை இழுக்க மாட்டாங்க. நகை கிடைச்சா கூப்பிட்டுக் குடுத்துடுவோம்."

மாமா தலையாட்டினார். அத்தை இடது கையால் கையெழுத்துப் போட்டார். ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அந்த வருடத்துக் கணக்கில் எங்கள் தெருவில் ஒரு வழிப்பறியும் நடக்கவில்லை. அதைப் படித்து யாராவது ஒருவர், ஆகா எவ்வளவு அமைதியான இடம் என்று எங்கள் தெருவில் வீடு வாங்கியிருக்கலாம்.

பதினாறு வருடமாக அந்த ஒரு வார்த்தை என் தொண்டையில் நிற்கிறது. அன்று நான் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும்.

சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். ஆகாது. இது நம்மில் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. புகார் வந்தது என்று நிலையத்துப் பதிவேட்டில் ஏற்றி நமக்குக் கொடுக்கும் ரசீதுதான் சி.எஸ்.ஆர். முதல் தகவல் அறிக்கை போட்டால்தான் அது வழக்கு. அப்போதுதான் புலனாய்வு செய்தாக வேண்டிய கடமை வருகிறது, நீதிமன்றத்துக்கு நகல் போகிறது, ஆவணக் காப்பகத்தின் எண்ணில் ஏறுகிறது. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொன்னது: பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம், விருப்பம் கிடையாது. சில வகை வழக்குகளில் மட்டும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

2024 ஜூலை 1 முதல் சட்டங்களே மாறிவிட்டன. பாரதிய நியாய சம்ஹிதாவின் 304-ஆவது பிரிவு 'பறித்தல்' என்பதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை. பழைய சட்டத்தில் அப்படி ஒரு தனிப் பெயர் இல்லை. திருட்டு என்றோ கொள்ளை என்றோ ஏதாவது ஒரு பிரிவில் அடக்குவார்கள். இப்போது சட்டத்திலேயே அந்த வார்த்தை வந்துவிட்டதால், 'தொலைந்தது' என்று எழுத வருகிறவரிடம் 'பறித்தது' என்று சொல்ல நமக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ரங்கநாதன் தெருவில் பர்ஸை விட்ட செங்கல்பட்டுக்காரப் பெண் செங்கல்பட்டிலேயே கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குவது நம் உரிமை. மறுத்தால் எழுத்து மூலமாக மேலதிகாரிக்கு அனுப்பலாம், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட் இருக்கிறார்.

இவ்வளவு இருந்தும் போன் பறிபோனால் இன்றைக்கும் ஊரே செய்வது என்ன? ஆன்லைனில் 'தொலைந்துவிட்டது' என்று பதிந்துவிட்டுப் புது சிம் வாங்கிக்கொள்கிறோம். சீக்கிரம் முடிகிறது, யாரையும் பார்க்க வேண்டாம். நிஜமாகவே தொலைத்தவர்களுக்கு அது மிக நல்ல வசதி. ஆனால் பறிகொடுத்தவரும் அதே வரிசையில் போய் நிற்கும்போது, பறித்தவன் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறான். அவன் அடுத்த தெருவுக்குப் போகிறான். ரோந்து எங்கே வேண்டும், எந்த முனையில் விளக்கு வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களின் மேசையில் நம் தெரு சுத்தமாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்த ஊரின் காவலுக்கு வைத்திருந்த பெத்த நாயக் என்பவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். பெத்தநாயக்கன்பேட்டை அந்தப் பதவியின் பெயரில் அமைந்ததுதான். களவு போன பொருளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதன் மதிப்பை அவரே ஈடுகட்ட வேண்டும் என்பது காவல் முறையின் ஏற்பாடு. பொருளைப் பறிகொடுத்தவர் சும்மா இருப்பாரா? ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார். இன்றைக்கு நமக்குச் சொல்வதில் லாபம் ஒன்றும் தெரிவதில்லை, நிலையத்துக்கும் எழுதுவதில் லாபம் ஒன்றும் இல்லை. எண் கூடினால் மேலிருந்து கேள்வி வரும். குற்ற எண்ணிக்கை குறைந்தது என்று ஆட்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறவரை, கீழே இருக்கிற ரைட்டர் 'தொலைந்தது' என்று எழுதத்தான் பார்ப்பார். எண் கூடினால் ஓர் ஆய்வாளரைப் பாராட்டுகிற நாள் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

2025 மார்ச் 25-ஆம் தேதி காலையை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். சைதாப்பேட்டை, கிண்டி, பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று தென்சென்னையில் அடுத்தடுத்துச் சங்கிலிப் பறிப்பு, எல்லாம் சுமார் ஒரு மணி நேரத்துக்குள். பறிகொடுத்தவர்களில் காலை நடைக்கு வந்த வயதான பெண்களும் உண்டு. பறித்தவர்கள் விமானத்தில் வந்து, பறித்த கையோடு விமானத்திலேயே திரும்பப் பார்த்தார்கள் என்றது போலீஸ். விமான நிலையத்தில் இருவர் பிடிபட்டார்கள், மூன்றாமவர் ரயிலில். கேமராப் பதிவுகளை ஒன்றோடொன்று கோத்து, சில மணி நேரத்தில் அவர்களை எட்டிப் பிடித்தது பெரிய வேலை. அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

மறுநாள் விடிவதற்குள் அவர்களில் ஒருவர் தரமணியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகையை மீட்க அழைத்துப் போனபோது போலீஸை நோக்கிச் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றார்கள். எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்கக் கைதட்டல் பொம்மைகள். அத்தையிடம் செய்தியைச் சொன்னேன். சங்கிலி பறித்தவன்மேல் அவரைவிடக் கோபப்பட யாருக்கு உரிமை இருக்கிறது? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எம் பாதிச் சங்கிலிக்கு உயிரையா கேட்டேன்?" என்றார்.

நானும் அந்தக் குழுவில் அன்று எதுவும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் நள்ளிரவில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பெருங்குடி, கீழ்க்கட்டளை வங்கிக் கொள்ளைகளில் தேடப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள். அதற்கடுத்த வாரங்களில் வட மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருந்த பையன்கள் எத்தனை பேரை வீட்டுக்காரர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள், காலி செய்யச் சொன்னார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. எதிர் வீட்டு மாடியில் இருந்த இரண்டு ஒடியாப் பையன்கள், ஹோட்டலில் வேலை செய்தவர்கள், ஒரே இரவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். என்கவுன்டர் சாவு ஒவ்வொன்றையும் தனியாக விசாரிக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்திருக்கிறது. அவை இருப்பது குற்றவாளிக்காக மட்டுமில்லை. தவறான ஆளைப் பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்காகவும்தான்.

கேமராவைப் பற்றி. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய மேடையில், வேலைக்குப் போகக் காத்திருந்த ஓர் இளம்பெண் எல்லோர் கண்ணெதிரிலும் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் கேமரா இல்லை. வெளியே ஒரு தெருவில் யாரோ பொருத்தியிருந்த கேமராவில்தான் ஓர் உருவம் கிடைத்தது. அந்தக் காலை நேரத்து ரயில் மேடையில் நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தச் சம்பவம் உடம்பில் எழுதப்பட்ட மாதிரி. அடுத்த ஆண்டு ஆணையராக வந்த ஏ.கே.விசுவநாதன் 'மூன்றாவது கண்' என்ற திட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக, சங்கம் சங்கமாகக் கேமரா வைக்கச் சொன்னார். பணத்தில் பெரும்பகுதியைப் பொதுமக்களும் வியாபாரிகளும்தான் போட்டார்கள். 2020-இல் சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம் உலக நகரங்களை ஒப்பிட்டு வெளியிட்ட பட்டியலில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு சென்னை முதல் இடத்தில் இருந்தது. லண்டனையும் பெய்ஜிங்கையும் தாண்டி.

அவற்றால் பலன் உண்டு, மேலே சொன்ன மார்ச் காலையே சாட்சி. ஆனால் கேமரா நடந்த பிறகு பார்க்கிற கண். எங்கள் தெருமுனைக் கேமரா மழையில் செத்து எட்டு மாதம் ஆகிறது. சங்கத்துக் கூட்டத்தில் இரண்டு முறை பேசியாகிவிட்டது, யார் செலவு என்பதில் நிற்கிறது. அதே முனையில் இரவு பத்தரை வரை இஸ்திரி வண்டி போட்டிருந்தவரை, நடைபாதையை மறைக்கிறார் என்று போன வருடம் எழுப்பிவிட்டார்கள். அவர் இருந்தவரை டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் அந்த முனையில் தயங்கி நின்றதில்லை. இப்போது என் மகள் அந்த இடம் வரும்போது போன் செய்து பேசிக்கொண்டே நடக்கிறாள். அவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பூந்தொட்டி இருக்கிறது.

தோழியின் மகளை நினைத்துக்கொண்டேன். கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் 2024 டிசம்பர் 23 இரவு ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் மறுநாளே கோட்டூர்புரத்தில் புகார் கொடுத்தாள். இந்த ஊரில் ஒரு பெண் செய்யக்கூடிய ஆகத் துணிச்சலான காரியம் அது. அவளுடைய எஃப்.ஐ.ஆர். அடையாள விவரங்களோடு வெளியே கசிந்தது. ஊர் முழுக்கப் போனில் சுற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. வழக்கு வேகமாக நடந்து, 2025 ஜூனில் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு என்பது நம் நாட்டில் அபூர்வம், அதற்கு வேர் அவள் கொடுத்த புகார். ஆனால் அந்தக் கசிவு? அதைப் பார்த்த எத்தனை பெண்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்லாமல் விழுங்கியிருப்பார்கள்? 1992-இல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. பெண் அதிகாரியிடம் பெண் தயங்காமல் சொல்லலாம் என்ற எண்ணம்தான் அதன் அடிப்படை. முப்பது ஆண்டுகள் கடந்து, சொன்னது நான்கு சுவருக்குள் நிற்கும் என்ற உறுதியையே இன்னும் நாம் கொடுத்து முடிக்கவில்லை.

வயதானவர்களுக்கு ஆபத்து இப்போது வேறு பக்கமாக வருகிறது. மாட வீதிகளில் ரொம்ப நாளாக ஓடுகிற ஒரு தந்திரம் உண்டு. சாதாரண உடையில் இரண்டு பேர் நிறுத்தி, "நாங்க போலீஸ். அந்தத் தெருவுல கொலை நடந்திருக்கு, நகை போட்டுட்டுப் போகாதீங்க, கழட்டிப் பேப்பர்ல மடிச்சுப் பைக்குள்ள வைங்க" என்பார்கள். மடிக்க அவர்களே உதவுவார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் கூழாங்கல் இருக்கும். அதே நாடகம்தான் இப்போது வீடியோ காலில் வருகிறது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பெயர். உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள், நாங்கள் சி.பி.ஐ., அறையை விட்டு நகராதே, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்று. நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பிள்ளைகள் அமெரிக்காவில், வைப்புத்தொகை வங்கியில், தனியாக இருவர். அடையாறும் மயிலாப்பூரும் அப்படிப்பட்ட வீடுகளால் நிறைந்தவை. பணம் போனதும் முதல் வேலையாக 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் கை மாறுவதற்குள் முடக்கி வைக்க வழி இருக்கிறது. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்தால் போனது போனதுதான். தனியாக இருக்கும் மூத்தவர்களுக்கென்று சென்னைப் போலீஸ் வைத்திருக்கும் எண் 1253. அத்தையின் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இரண்டையும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியதாக ஆகாது. மயிலாப்பூர் சேஃப் என்று சொல்லும்போது நம் மனதில் இருப்பது லஸ், மாட வீதி, அபிராமபுரம். நொச்சிக்குப்பமும் சீனிவாசபுரமும் அதே மயிலாப்பூரின் கடலோரம்தான், அங்கே இருக்கும் பெண்களிடம் யாரும் சேஃப்டி பற்றிக் கேட்பதில்லை. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் குடிசைகளைப் பெயர்த்துக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டோம். வேலை இங்கே, வீடு அங்கே. பள்ளிக்கூடமும் பஸ்ஸும் மெல்ல மெல்ல வந்தன. பிறகு அந்த முகவரியைப் பார்த்தால் வேலை கொடுக்கக் கம்பெனிகள் தயங்குகின்றன என்று அங்கே வளர்ந்த பிள்ளைகள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்த கார்த்திகாவை இன்று எல்லோரும் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று கொண்டாடுகிறார்கள். அந்த ஊர்ப்பெயரை இவ்வளவு பெருமையாகச் சொல்ல வைக்க ஒரு பெண் தங்கம் வென்று வர வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவும் அக்கா கண்ணகி நகரிலிருந்துதான் வருகிறார். காலை ஐந்து மணி பஸ். முன்பு அவர்கள் குடும்பம் அடையாற்றங்கரையில் இருந்தது, இங்கிருந்து இருபது நிமிட நடை. இரண்டு மாதத்துக்கு முன்னால் மந்தைவெளியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பைக்கில் வந்த ஒருவன் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போனான். பதினோராயிரம் ரூபாய், இன்னும் நான்கு தவணை பாக்கி. மறுநாள் வந்து, "தொலைஞ்சுடுச்சுன்னு எழுதிக் குடுத்துடலாம்மா, கம்ப்யூட்டர் சென்டர்ல அம்பது ரூபாதான். ஸ்டேஷன்லாம் நமக்கெதுக்கு" என்றார்.

வேலையை அப்படியே வைத்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம். நிலையத்தில் முகவரி கேட்டார்கள். கண்ணகி நகர் என்றதும் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவர் முகத்தை ஒரு முறை பார்த்தார். போன் வாங்கிய பில் இருக்கிறதா என்றார். அது திருட்டு போனாக இருக்கலாம் என்ற நினைப்பு அந்தக் கேள்வியில் இருந்தது. அக்கா பேசாமல் பையைத் திறந்து பிளாஸ்டிக் கவரிலிருந்து பில்லை எடுத்து வைத்தார், ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு. சி.எஸ்.ஆர். வாங்கிக்கொண்டு போங்கள், பார்க்கிறோம் என்றார்கள். எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்றேன். உட்காரச் சொன்னார்கள். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். நடுவில் அக்கா இரண்டு முறை, போயிடலாம்மா, அத்தை சாப்பிடாம இருப்பாங்க என்றார். அத்தைக்குப் போன் செய்தேன். "தயிர்சாதம் பிசைஞ்சுக்கறேன், நீங்க முடிச்சுட்டே வாங்கோ" என்று பதில் வந்தது.

கடைசியில் ஓர் உதவி ஆய்வாளர், சின்ன வயதுப் பெண், வந்து கேட்டுவிட்டு, எழுதிக் கொண்டுவாருங்கள், வழக்குப் பதிகிறோம் என்றார். ஒரு தாளை வாங்கி நான் எழுதினேன். தேதி, நேரம், இடம், மோட்டார் சைக்கிளின் நிறம். 'என் கையிலிருந்த செல்போன் பறிக்கப்பட்டுவிட்டது' என்று எழுதி அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"பறிக்கப்பட்டதுன்னா யாரு பறிச்சான்னே இல்லையேம்மா. 'பறிச்சிட்டுப் போனான்'னு எழுதுங்க" என்றார்.

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். போன் இன்னும் கிடைக்கவில்லை. எஃப்.ஐ.ஆர். நகலை ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருக்கிறார்.

தோழியிடம் நேற்றுத்தான் பேசினேன். மந்தைவெளியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று காலியாகிறது, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம், கீழே இரவு பதினொன்று வரை திறந்திருக்கும் மருந்துக்கடை, வந்து பார் என்றேன். பெண்ணிடம் என்ன சொல்லி அனுப்பட்டும் என்று கேட்டாள். ஏதாவது நடந்தால் என்னைக் கூப்பிடச் சொல், நிலையத்துக்கு நான் கூட வருகிறேன் என்றேன்.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாலை பிரதோஷம். ஊக்கை எடுத்துத் தரச் சொன்னார்.